கதிர்ச் சிகிச்சையும் டொக்டர் வேரா பீற்றர்ஸ் அம்மையாரும்

ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன் வெளிவந்த வைத்திய நூல்களிலே 'ஹொட்கின் நோய்' பற்றிய பகுதியைப் படிப்போமாயின், நோயின் குறிகள் விரிவாகச் சொல்லப்பட்டிருக்கும். முடிவு மாத்திரம் இரண்டொரு சொல்லிலே அடங்கிவிடும். தீராத நோய் என்பதே அம்முடிவு. கழுத்திலும் அக்குளிலும் மார்பினுள்ளும் இருக்கும் நிணநீர்க் கணுக்கள் வீங்கும், காய்ச்சல் வரும், இரவில் வியர்த்துக் கொட்டும், உடல் மெலியும். இலண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த தோமஸ் ஹொட்கின் என்பார் 1832ஆம் ஆண்டிலே இதனை முதன்முதல் விவரித்தமையால் அவர் பெயரே நோய்க்கும் நிலைத்தது. இந்நோய் முதியோரை மட்டுமன்றி இருபது, முப்பது வயதினரையும் பெரிதும் பற்றுவது. கல்யாணமாகிக் கைக்குழந்தையோடிருக்கும் பெண்ணுக்கும், சர்வகலாசாலைப் படிப்பை முடித்த இளைஞனுக்கும் இது வந்துவிட்டால், வைத்தியர் உறவினரைத் தனியே அழைத்துப் பேசுவதன்றி வேறு செய்வதற்கில்லை என்று கருதப்பட்ட காலம் அது.

அக்கருத்தைக் கணக்குக் காட்டி மாற்றியவர் கனடா தேசத்துப் பெண் வைத்தியர் ஒருவர். அவரது வரலாற்றையும், கதிர்ச் சிகிச்சைக்குப் போகும் நோயாளர் வழக்கமாகக் கேட்கும் சில கேள்விகளையும் சேர்த்தே இவ்வாரம் எழுதத் துணிந்தோம். இரண்டும் ஒன்றையொன்று விளக்குவன என்பது நம் எண்ணம்.

மில்ட்றெட் வேரா பீற்றர்ஸ் 1911ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் ரொறன்ரோ நகருக்கு அண்மையிலுள்ள ஒரு பண்ணையிலே பிறந்தார். பள்ளிப் படிப்பை இளவயதிலேயே முடித்துக்கொண்டு ரொறன்ரோ சர்வகலாசாலைக்குச் சென்று, 1934ஆம் ஆண்டிலே வைத்தியப் பட்டம் பெற்றார். அவர் மாணவியாக இருந்த காலத்திலேயே அன்னையாருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. அன்னையாருக்கு ரேடியம் கொண்டு சிகிச்சை செய்தவர் ரொறன்ரோ பொது வைத்தியசாலையைச் சேர்ந்த டொக்டர் கோர்டன் றிச்சர்ட்ஸ். நோயாளியின் மகளாக அவர் முன் நின்ற வேரா, பின்னர் அவருக்கே சீடரானார். கதிர்ச் சிகிச்சை வைத்தியருக்கென்று ஒழுங்கான பாடத்திட்டம் அங்கே அந்நாளில் இல்லை. தச்சுத் தொழிலையும் தட்டார வேலையையும் குருவின் அருகிலிருந்து பார்த்துப் பழகுவதுபோலவே இவரும் பழகினார். 1937ஆம் ஆண்டில் திருமணம் நடந்தது; கணவர் ஓர் ஆசிரியர். பெண்மக்கள் இருவர்.

றிச்சர்ட்ஸ், ஹொட்கின் நோயாளருக்கு மற்ற இடங்களில் கொடுப்பதிலும் கூடிய அளவு எக்ஸ் கதிரைக் கொடுத்து வந்தவர். வீக்கம் கண்ட கணுவுக்கு மாத்திரமன்றி, அதன் அயலிலே, பார்வைக்கு நலமாயிருக்கும் கணுக்களுக்கும் கதிர் பாய்ச்சுவது அவரது முறை. ஜெனீவா நகரிலே றெனே ஜில்பேர் என்பவரும் முன்னரே இவ்வழியைக் காட்டியிருந்தார். நோய் ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குச் சங்கிலிபோல் தொடர்ந்து செல்லுமாயின், அடுத்த கண்ணியை முன்கூட்டியே காத்துவிடலாம் என்பதே இதன் நியாயம். தம்மிடம் வந்தோர் எதிர்பார்த்ததிலும் நெடுங்காலம் வாழ்வதாக றிச்சர்ட்ஸுக்கு ஓர் எண்ணம். எண்ணம் கணக்காகாது அல்லவா? பழைய பதிவேடுகளை ஆராயும் பணியை 1940களின் பிற்பகுதியிலே வேராவிடம் ஒப்படைத்தார்.

1924 தொடக்கம் 1942 வரை சிகிச்சை பெற்றோரது பதிவுகளை அம்மையார் ஒவ்வொன்றாக எடுத்து நோக்கினார். இவ்விடத்திலே அவர் செய்த ஒரு காரியந்தான் எல்லாவற்றிலும் பெரிது என்போம். நோயாளர் அனைவரையும் ஒரே குவியலாக எண்ணாமல், நோய் எவ்வளவு தூரம் பரவிய நிலையில் வந்தார்கள் என்று பார்த்து அவர்களைப் படிகளாகப் பிரித்தார். ஒரே இடத்துக் கணுக்களில் நோய் நின்றவர் முதற்படி. அப்பாற் சென்றவர் அடுத்தடுத்த படி. இவ்வாறு பிரித்துப் பார்த்தபோது கண்டது யாதெனில், முதற்படியில் வந்தோரில் நூற்றுக்கு 88 பேர் ஐந்தாண்டின் பின்னும், 79 பேர் பத்தாண்டின் பின்னும் உயிருடன் இருந்தனர் என்பதே. பரவிய நிலையில் வந்தவர்களோ பெரும்பாலும் இறந்துபோயினர். எல்லோரையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி பார்த்து வந்தமையாலே பிழைக்கக்கூடியவர் கூட்டம் ஒன்று உள்ளதென்பது கண்ணுக்கு மறைந்திருந்தது.

கட்டுரை 1950ஆம் ஆண்டிலே அமெரிக்கக் கதிரியல் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. அதனைப் படித்தோர் உடனே கைகொட்டி வரவேற்றனர் என்று நாம் எழுதினால் அது உண்மையாகாது. பலர் நம்பவில்லை. தீராத நோய் தீர்ந்ததென்றால் நோயை நிச்சயித்ததிலேதான் தவறிருக்கும் என்று எண்ணுவது வைத்திய உலகுக்கு எளிதாயிருந்தது. றிச்சர்ட்ஸும் 1949இலேயே மறைந்துவிட்டார். அம்மையார் வாதுக்குப் போகாமல் மேலும் நோயாளரைத் தொடர்ந்து பார்த்து, கணக்கைப் பெருக்கி, சில ஆண்டுகளின் பின் மீண்டும் வெளியிட்டார். கலிபோர்னியாவிலுள்ள ஸ்ரான்போர்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹென்றி கப்லன் 1956 முதல் புதிய நேர்கோட்டு வேகவளர்ச்சி யந்திரத்தைக் கொண்டு இவ்வழியை மேலும் விரித்துச் சென்றபின்னரே, ஹொட்கின் நோய் தீரக்கூடியது என்ற கருத்து நூல்களிலே ஏறிற்று.

கனடா தேசத்தவருக்குக் கதிர்ச் சிகிச்சையில் இன்னொரு பெருமையும் உண்டு. கோபால்ட் 60 என்ற கதிரியக்கப் பொருளை வைத்துச் சிகிச்சை செய்யும் யந்திரங்கள் 1951ஆம் ஆண்டின் கடைசியிலே அந்நாட்டின் லண்டன், சாஸ்கற்றூன் ஆகிய இரு நகரங்களிலும் சில நாள் இடைவெளியிலே தொழிற்படத் தொடங்கின. சாஸ்கற்றூனிலே முதல் நோயாளி, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் முற்றிய நிலையில் வந்த 43 வயதுத் தாய். அவர் தொண்ணூறு வயது வரை வாழ்ந்தார்! இவ்வகை யந்திரம் ஒன்று 1950களிலேயே கனடாவிலிருந்து சென்னை அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்துக்கும் வந்து சேர்ந்தது.

மார்பகமும் கத்தியும்

1958ஆம் ஆண்டு ரொறன்ரோவில் இளவரசி மார்கிரட் வைத்தியசாலை திறக்கப்பட்டபோது அம்மையார் அங்கே சென்றார். அவரது இரண்டாவது பெரும் போராட்டம் மார்பகப் புற்றுநோய் பற்றியது. அக்காலத்துச் சத்திர வைத்தியர்கள், அமெரிக்கரான வில்லியம் ஹோல்ஸ்ரெட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வகுத்த முறையை வேதவாக்காகப் போற்றினர். கட்டி சிறிதாயினும் பெரிதாயினும், மார்பகம் முழுவதையும், அதன் கீழுள்ள நெஞ்சுத் தசைகளையும், அக்குட் கணுக்களையும் ஒருங்கே அகற்றிவிடுவது அம்முறை. உயிர் பிழைத்த பெண்ணுக்கு நெஞ்சு குழிந்து, கை வீங்கி, தோள் உயர்த்த இயலாத நிலையும் வந்து சேரும். இதனைப் பற்றி அப்பெண்ணின் விருப்பத்தைக் கேட்கும் வழக்கமே இருக்கவில்லை. கட்டியைச் சோதிப்பதற்கென்று மயக்க மருந்து கொடுப்பர்; விழித்தெழுந்து கையால் தடவிப் பார்த்தே தனக்கு நேர்ந்ததை அறிந்த பெண்கள் எத்தனையோ பேர்.

இலண்டனிலே ஜெப்றி கெயின்ஸ் என்ற சத்திர வைத்தியர் 1920களிலேயே இதற்கு மாறாகச் சிறு அறுவையும் ரேடிய ஊசியும் கொண்டு சிகிச்சை செய்தார். பொருளியல் மேதை கெயின்ஸ் பிரபுவின் தம்பிதான் இவர். ஆயினும் அவரைப் பின்பற்றியோர் சிலரே. ரொறன்ரோவில் கட்டியை மாத்திரம் அகற்றிக்கொண்டு கதிர்ச் சிகிச்சைக்கு வந்த பெண்களும் இருந்தனர். அவர்களுள் சிலர் பெரிய அறுவைக்கு உடன்பட மறுத்தவர்கள். அவர்களையெல்லாம் அம்மையார் தொடர்ந்து கவனித்து, 1967ஆம் ஆண்டிலே ஒரு கட்டுரையும், 1975இல் ஒரு விரிவான ஒப்பீடும் வெளியிட்டார். கட்டியை மட்டும் நீக்கிக் கதிர் பெற்ற 203 பெண்களையும், அவர்களோடு வயதிலும் கட்டியின் அளவிலும் ஒத்தவர்களாய், ஒருவருக்கு மூவராக எடுத்த 609 பெண்களையும் நிறுத்துப் பார்த்தார். பின்னவர்கள் மார்பகம் முழுவதையும் இழந்தவர்கள். வாழ்நாளிலே இரு சாராருக்கும் வேற்றுமை இல்லை.

இம்முறையும் எதிர்ப்பு வந்தது. சிறந்த சத்திர வைத்தியர் பலருக்கு இவர் சொன்னது கசந்தது. பெண்ணொருத்தி, அதுவும் சத்திர வைத்தியம் செய்யாதவள், சொல்வதா என்ற எண்ணமும் சிலரிடம் இருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். முடிந்த தீர்ப்பு வேறு நாட்டிலிருந்து வந்தது. அமெரிக்காவிலே பேர்னாட் பிஷர் என்பார் சீட்டுக் குலுக்குவதுபோலப் பெண்களைப் பிரித்து நடத்திய சோதனையின் பெறுபேறு 1985இலும், அதன் இருபதாண்டு நிறைவுக் கணக்கு 2002இலும் வெளியாயின. மார்பகத்தை முற்றாக அகற்றியவரும், கட்டியை மட்டும் அகற்றியவரும் ஒரே அளவு காலமே வாழ்ந்தனர். கதிர் பெறாதோரில் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பகத்தில் நோய் மீண்டும் கண்டது. கதிர் பெற்றோருக்கோ 14 பேருக்கு மட்டுமே. இன்று எந்த நாட்டிலாயினும் சிறு கட்டியோடு வந்த பெண்ணிடம், 'மார்பகத்தைக் காக்கலாம், பின்னர் கதிர் பெறவேண்டும்' என்று வைத்தியர் சொல்வாராயின், அச்சொல்லின் பின்னே இவ்வளவு கதை உண்டு.

அம்மையார் 1976இல் ஓய்வு பெற்றார். கனடா அரசின் விருதும், கதிர்ச் சிகிச்சை வைத்தியர் சங்கத்தின் தங்கப் பதக்கமும் கிடைத்தன. முதுமையிலே அவருக்கும் மார்பகப் புற்றுநோய் வந்தது. 1993ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் தமது 82ஆம் வயதிலே காலமானார்.

கேட்கப்படும் கேள்விகள்

கதிர்ச் சிகிச்சையை நம்மவர் பேச்சிலே 'கரண்ட் பிடித்தல்' என்பர். இப்பெயரே பாதி அச்சத்துக்குக் காரணம் என்று நாம் நினைக்கிறோம். மின்சாரம் நோயாளியின் உடலைத் தொடுவதேயில்லை. யந்திரத்துக்குள்ளே மின்சாரம் எக்ஸ் கதிரை உண்டாக்குகின்றது. அக்கதிர்தான் உடலினுட் செல்கின்றது. நெஞ்சுப் படம் எடுக்கும்போது எப்படியோ அப்படியே, கதிர் பாயும்போது சுடுவதுமில்லை, நோவதுமில்லை. மேசையிலே அசையாமற் படுத்திருக்கவேண்டும். சில நிமிடத்திலே காரியம் முடிந்துவிடும். தலையிலும் கழுத்திலும் சிகிச்சை பெறுவோருக்கு முகத்தின் வார்ப்பாக வலைமூடி ஒன்று செய்து பொருத்துவர். அது அசைவைத் தடுப்பதற்கே. மூச்சு முட்டுமோ என்று அஞ்சவேண்டியதில்லை; துளைகள் நிரம்ப உண்டு.

'அப்படியானால் எல்லோரும் என்னைத் தனியே விட்டு ஏன் வெளியே ஓடுகிறார்கள்?' நியாயமான கேள்விதான். ஒருவருக்குச் சிகிச்சையாவது, நாள் முழுவதும் ஆண்டு முழுவதும் அங்கே நிற்பவருக்குத் தீங்காகும். நோயாளிக்கு அது மருந்து. ஊழியருக்கோ பயனில்லாத சுமை. அக்காலத்து முன்னோடிகள் பலர் இதனை அறியாமலே விரல்களையும் உயிரையும் இழந்தனர். 1934இல் மறைந்த மேரி கியூரி அம்மையாரின் இரத்த நோயும் கதிரின் விளைவென்றே கருதப்படுகின்றது. இப்போது தடித்த சுவருக்கு வெளியே நின்று, தொலைக்காட்சியிலே நோயாளியைப் பார்த்துக்கொண்டேயிருப்பர். கையை உயர்த்தினால் யந்திரத்தை நிறுத்திவிட்டு வருவர்.

'வீட்டிலே கைக்குழந்தை இருக்கிறது, தொடலாமா?' இக்கேள்விக்காகத் தனியறையிலே ஒதுக்கப்பட்டு, தனிக்கோப்பையும் தனிப்பாயும் கொடுக்கப்பட்ட தாய்மாரை நாம் கேள்விப்பட்டதுண்டு. இது வீண் கொடுமை. வெளியிலிருந்து யந்திரத்தாற் பெறும் கதிர் உடலிலே தங்குவதில்லை. விளக்கை அணைத்தபின் அறையிலே வெளிச்சம் தங்குமா? அதுபோலத்தான். குழந்தையைத் தாராளமாக அணைக்கலாம். ஒரே கோப்பையிலே கோப்பியும் குடிக்கலாம். விதிவிலக்குகள் உண்டு. தைரொயிட்டுப் புற்றுநோய்க்குக் கதிரியக்க அயடீனை விழுங்கியவரும், கதிரியக்க மணிகள் உடலினுள்ளே நிலையாகப் பதிக்கப்பட்டவரும், குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் எத்தனை நாள் எவ்வளவு தூரம் விலகியிருத்தல் வேண்டும் என்று வைத்தியசாலையிலேயே எழுதிக்கொடுப்பர். அதை அப்படியே கைக்கொள்ள வேண்டும்.

தூரத்துக் கிராமங்களிலிருந்து மகரகமைக்கும் தெல்லிப்பழைக்கும் செல்வோருக்குப் பெருந்தொல்லையாக இருப்பது நாட்களின் எண்ணிக்கை. இருபத்தைந்து முறை, முப்பது முறை என்று ஏன் இழுக்கவேண்டும்? மொத்த அளவையும் ஒரே நாளில் கொடுத்துவிடலாகாதா? இதற்கு விடை பாரிஸ் நகரிலே ரேடிய நிலையத்திற் கிடைத்தது. குளோட் றெகோ என்பார் ஆட்டுக்கடாவின் விரையிலே சோதனை நடத்தினார். ஒரே முறையிலே கடாவை மலடாக்கும் அளவு கதிர் கொடுத்தால் தோலும் வெந்து புண்ணாகிற்று. பல நாட்களாகப் பிரித்துக் கொடுத்தபோது மலடும் ஆயிற்று, தோலும் தப்பிற்று. விரைந்து பெருகும் புற்றுநோய்க் கலங்களும் இவ்வாறே அகப்படும் என்று அவர் கருதினார். அவருடைய சகபாடியான ஹென்றி கூத்தார், தொண்டைப் புற்றுநோயாளருக்கு வாரக்கணக்காகச் சிறுசிறு அளவிலே கொடுத்துப் பலரைப் பிழைக்க வைத்தார். நலமான கலங்கள் ஒரு நாளைக்கும் மறு நாளைக்கும் இடையிலே தம்மைத் தாமே திருத்திக்கொள்கின்றன. புற்றுநோய்க் கலங்களுக்கு அத்திறம் குறைவு. நாம் வயலுக்கு நீர் பாய்ச்சுவதும் இப்படித்தானே? ஒரு போகத்து நீரை ஒரே நாளில் திறந்துவிட்டால் வரம்பும் உடையும், பயிரும் அழுகும்.

ஆகையால் இடையிலே கோயிற் கொடியேற்றம், மருமகள் வளைகாப்பு என்று நாட்களைத் தவறவிடுதல் கூடாது. விட்ட நாட்களிலே நோய்க் கலம் பெருகும். நாட்களின் எண்ணிக்கை எல்லா நோய்க்கும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். மார்பகத்துக்கு முன்னர் 25 முறை கொடுத்ததை, நாளுக்குச் சற்றுக் கூடிய அளவிலே 15 முறையாகக் கொடுப்பது இப்போது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. பயன் குறையவில்லை.

தலைமயிர் உதிருமா என்பதற்கு விடை சிறிது: கதிர் படும் இடத்திலே மாத்திரம் உதிரும். மார்பிலே சிகிச்சை பெறுபவருக்குத் தலைமயிர் உதிர்வது கதிரால் அன்று. உடன் கொடுக்கும் மருந்தினால் இருக்கலாம்.

தோலைப் பற்றியும் உணவைப் பற்றியும் பாட்டிமார் சொல்லும் யோசனைகளிலே சிலவற்றை விலக்கவேண்டும். இரண்டு மூன்று வாரத்தின் பின் கதிர் பட்ட தோல் வெயிலிற் காய்ந்ததுபோலச் சிவக்கும், கறுக்கும். அதன்மேல் மஞ்சள், சந்தனம், தைலம், வேப்பெண்ணெய் எதனையும் கேளாமற் பூசலாகாது. தேய்த்துக் குளித்தலும், இறுகிய உடையும் ஆகா. பழைய பருத்திச் சட்டையே உத்தமம். தோலிலே மையினால் இட்ட அடையாளங்களை அழுக்கென்று உரஞ்சிக் கழுவிவிடக் கூடாது. கதிரை அவ்விடத்துக்கே வழிகாட்டுவன அவையே. உணவிலே, 'சூட்டு நோய்' என்று சொல்லி மீனையும் முட்டையையும் நிறுத்திவிட்டுக் கஞ்சி மாத்திரம் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளிலே உண்டு. உடல் தன்னைத் திருத்திக்கொள்வதற்குப் புரதம் வேண்டிய நேரத்திலே இது தலைகீழான பத்தியம். வாய், தொண்டையிலே சிகிச்சை பெறுவோர் உறைப்பையும் புளிப்பையும் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதையும் தவிர்க்கவேண்டும். வெற்றிலையையும் புகையிலையையும் அறவே விடவேண்டும். நாட்டு மருந்தும் உட்கொள்வீர்களாயின் அதை வைத்தியரிடம் ஒளிக்க வேண்டாம்.

களைப்பு வரும். பகலிலே சற்றுப் படுத்தெழும்புவது சோம்பல் அன்று. ஆயினும் நாள் முழுதும் படுக்கையிலே கிடப்பதைவிட மாலையிலே சிறிது தூரம் நடந்துவருவது அக்களைப்பைக் குறைக்கும்.

மாணவர்கள் பெரும்பாலும் கேட்பது இது: கதிரே புற்றுநோயை உண்டாக்கும் என்று படிக்கிறோமே, அதைக் கொண்டே எப்படிச் சிகிச்சை செய்வது? கேள்வியிலுள்ள உண்மையை மறைத்தல் தகாது. ஹொட்கின் நோயிலிருந்து தப்பியவர்களையே எடுத்துக்கொள்வோம். கழுத்தும் மார்பும் முழுவதுமாகக் கதிர் பெற்ற இளம்பெண்கள் பலருக்குப் பத்து, இருபது ஆண்டுகளின் பின் மார்பகப் புற்றுநோய் கண்டது. ஆணும் பெண்ணுமாக வேறு பலருக்கு இருதய நோய் வந்தது. பிழைத்து நெடுங்காலம் வாழ்ந்தமையாலேயே இவ்விளைவுகள் வெளிப்பட்டன. பழைய முறைப்படி அவர்கள் இறந்திருப்பார்களாயின் இதனை எவரும் அறிந்திரார். அறிந்தபின் வைத்தியர் முறையை மாற்றினர். முன்னர் 40 கிரேக்கு மேல் மார்பு முழுவதும் கொடுத்த இடத்திலே, ஆரம்ப நிலை நோய்க்கு இப்போது மருந்தை முதலிற் கொடுத்து, பின்னர் நோய் இருந்த இடத்துக்கு மாத்திரம் 20 அல்லது 30 கிரே கொடுக்கின்றனர். 'கிரே' என்பது கதிரின் அளவு. ஆங்கில விஞ்ஞானி ஒருவரின் பெயர். சிறுவயதிலே மார்பிற் கதிர் பெற்ற பெண்கள், 25 வயதிலோ சிகிச்சை முடிந்து எட்டாண்டு கழிந்தோ, எது பிந்தியதோ அப்போதிருந்து ஆண்டுதோறும் மார்பகப் பரிசோதனை செய்துகொள்ளல் வேண்டும். நம்மிடையே அப்படிப்பட்டோர் இருப்பின் பழைய சிகிச்சைக் குறிப்பைத் தேடிப் பத்திரப்படுத்துவது நல்லது.

இன்னுமொரு கேள்வி உண்டு. அதனை நோயாளி கேட்பது அருமை. உறவினர் வாசலிலே நின்று மெல்லக் கேட்பர். 'கரண்டுக்கு அனுப்பினால் கைவிட்டதாகத்தானே பொருள்?' அன்று. தொண்டைப் புற்றுநோயிலும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயிலும் கத்தியின்றிக் கதிரையே முதன்மையாகக் கொண்டு நோயைத் தீர்க்கும் சிகிச்சைகள் உள்ளன. மார்பகத்திலே அறுவையின் பின் எஞ்சிய வித்தை அழிக்க அனுப்புவர். நோயைத் தீர்க்க இயலாதவிடத்து, நோவையும் இரத்தப்போக்கையும் தணிக்கவும் அனுப்புவர். இவற்றுள் நமக்கு எது என்று வைத்தியரிடம் நேரே கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. பிள்ளைகள் தகப்பனாரிடம் நோயின் பெயரையே மறைத்து, 'வாதத்துக்கு லைற் பிடிக்கிறார்கள்' என்று கூட்டிச்செல்வதை அன்பென்று நினைக்கிறார்கள். அவர் வரிசையிலே பக்கத்திலிருப்பவரிடம் கேட்டு முதல் நாளிலேயே அறிந்துவிடுகிறார். அறிந்ததைப் பிள்ளைகளிடம் மறைத்துக்கொண்டு தனியே சுமக்கிறார்.

நோவைத் தணிக்கும் சிகிச்சைக்கு வாரக்கணக்கு வேண்டியதில்லை. எலும்பிலே பரவிய நோயின் வேதனைக்குப் பல சமயங்களில் 8 கிரே ஒரே முறை போதும். ஓரிரு நாள் நோவு சற்றுக் கூடினாலும் கூடும். பின்னர் இரண்டு மூன்று வாரத்துக்குள் பெரும்பாலோருக்குத் தணியும். படுக்கையிலே புரளவும் அஞ்சியவர் எழுந்திருந்து தம் கையால் உண்பார். வீட்டிலுள்ளோரும் இரவிலே கண்ணயர்வார்கள்.